தராசின் மறுதட்டு: கோவிஷீல்டும் ரத்த உறைவும்

2024 ஏப்ரல் கடைசி. நாடாளுமன்றத் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டோடு சூடாக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி பற்றிக்கொண்டது: இந்தியாவில் கோவிஷீல்டு என்ற பெயரில் போடப்பட்ட தன் கோவிட் ஊசியால் ரத்தம் உறையும் என்று ஆஸ்ட்ராஜெனகா நிறுவனமே லண்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது. அடுத்த ஒரு வாரம் மருத்துவர்களின் போனுக்கு ஓய்வில்லை. "மூணு வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு டோஸ் போட்டேன் டாக்டர், இப்ப ஏதாவது டெஸ்ட் எடுத்துப் பார்க்கணுமா?" என்பதுதான் எல்லோரும் கேட்டது. மே மாதம் முதல் வாரத்தில் ஐரோப்பியச் சந்தையிலிருந்து அந்த ஊசி விலக்கிக்கொள்ளப்பட்டதும், "பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்" என்றவர்களின் குரல் இன்னும் உயர்ந்தது.

நிறுவனம் ஒப்புக்கொண்டது உண்மை. மிக அரிதாக இந்த ஊசியால் அப்படி நேரலாம் என்று நீதிமன்ற ஆவணத்தில் எழுதிக் கொடுத்தது. வழக்குப் போட்ட குடும்பங்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் மருத்துவ உலகத்துக்கு அது மூன்று வருடப் பழைய சங்கதி. 2021 ஏப்ரல் 7-ஆம் தேதியே ஐரோப்பிய மருந்து முகமை இந்த ரத்த உறைவை, 'மிக அரிதான பக்க விளைவு' என்ற பட்டியலில் சேர்க்கச் சொல்லிவிட்டது. பிரிட்டனும் அதே நாளில் 30 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வேறு ஊசி கொடுங்கள் என்றது. ஐரோப்பாவிலிருந்து ஊசி விலக்கப்பட்டதற்கும் காரணம் வேறு: புதிய உருமாற்றங்களுக்கு ஏற்பத் திருத்திய ஊசிகள் வந்தபின் பழையதை வாங்க ஆளில்லை. போன் செய்து கேட்டவர்களுக்கான பதிலும் சுருக்கமானது. அந்த உறைவு வருவதானால், ஊசி போட்ட நாலாம் நாளிலிருந்து ஏறக்குறைய ஆறு வாரத்துக்குள் வந்துவிடும். மூன்று வருடம் ஒளிந்திருந்து வராது.

அந்தப் பதற்றம் அடங்கிவிட்டது. அதன் அடியில் கிடந்த கேள்வி மட்டும் அடங்கவில்லை. உயிரைப் பறிக்கக்கூடிய ஒரு பக்க விளைவு இருக்கிறது என்று 2021 ஏப்ரலிலேயே தெரிந்தும், அதன்பின் கோடிக்கணக்கானவர்களுக்கு அதே ஊசியைப் போட்டது சரியா? நான் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் 'ஊசி பாதுகாப்பானது' என்ற ஒற்றை வரியை வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. அந்த வரி தராசின் ஒரு தட்டை மட்டும் பார்க்கிறது. மறுதட்டில் இருக்கும் தொற்றின் எடை ஊருக்கு ஊர், வயதுக்கு வயது, மாதத்துக்கு மாதம் மாறியது. டென்மார்க்கில் தப்பாகப் போயிருக்கும் முடிவு, அதே வாரத்தில் மகாராஷ்டிரத்தில் சரியாக இருந்தது.

என்னதான் நடந்தது உடம்புக்குள்

ஆஸ்ட்ராஜெனகா ஊசி, சிம்பன்சிக் குரங்கிலிருந்து எடுத்து வலுவிழக்கச் செய்த அடினோ வைரஸை வாகனமாகக் கொண்டது. மிகச் சிலருக்கு, ஊசிக்குப் பிறகு ஒரு விசித்திரமான எதிர்வினை நிகழ்ந்தது. ரத்தத் தட்டணுக்கள் வெளிவிடும் பிஎஃப்-4 என்ற புரதத்தின் மேலேயே உடம்பு எதிர்ப்புப் பொருளைத் தயாரித்துவிட்டது. அந்த எதிர்ப்புப் பொருள் தட்டணுக்களைத் தூண்டிவிட, ரத்தம் வேண்டாத இடத்தில் உறையத் தொடங்கியது. குறிப்பாக மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகளில். உறைந்து உறைந்தே தட்டணுக்கள் தீர்ந்துபோனதால், ஒரு பக்கம் ரத்தக்கட்டி, இன்னொரு பக்கம் தட்டணு எண்ணிக்கையில் சரிவு. இரண்டும் சேர்ந்து வருவது மருத்துவர்களுக்கு அபூர்வமான காட்சி. ஹெப்பாரின் என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை எடுப்பவர்களில் சிலருக்கு இப்படி வரும் என்பது முன்பே தெரியும். அந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டுதான் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் ஆண்ட்ரியாஸ் கிரைனாகர் குழுவும் நார்வே மருத்துவர்களும் சில வாரங்களிலேயே காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்.

கண்டுபிடித்ததும் ஒரு நல்லது நடந்தது. ரத்தக்கட்டி என்றால் கைவழக்கமாக ஹெப்பாரின் போடும் மருத்துவர்கள், இந்த நோயாளிகளுக்கு அதைத் தவிர்க்கக் கற்றார்கள், இம்யூனோகுளோபுலின் என்ற நோயெதிர்ப்புப் புரதத்தை ஏற்றினார்கள். ஊசி போட்டு நாலைந்து நாளுக்குப் பிறகு விடாத தலைவலி, வயிற்றுவலி, கால் வீக்கம், மூச்சுத்திணறல், ஊசி போட்ட இடத்துக்கு அப்பால் தோலில் சிறு சிறு ரத்தப் புள்ளிகள் வந்தால் ஓடி வாருங்கள் என்று மக்களுக்கும் சொல்ல முடிந்தது. ஆபத்தை வெளியே சொன்னால் மக்கள் பயந்து ஊசி போடமாட்டார்கள் என்று நினைத்த அதிகாரிகள் எல்லா நாட்டிலும் இருந்தார்கள். ஆனால் வெளியே சொன்னதால்தான் பிற்பாடு வந்த நோயாளிகள் பலர் பிழைத்தார்கள்.

எவ்வளவு அரிது? பிரிட்டனின் முதல் கணக்கு இது: 2021 மார்ச் 31 வரை 2 கோடியே 2 லட்சம் டோஸ், இந்த உறைவு 79 பேருக்கு, இறந்தவர்கள் 19. அதாவது 10 லட்சத்துக்கு 4 பேருக்கு உறைவு, அவர்களில் நாலில் ஒருவர் மரணம். இறந்த 19 பேரில் 11 பேர் 50 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். இந்தக் கடைசி எண்தான் எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது. கோவிட் கிழவர்களைத் தேடிக் கொன்றது. இந்த உறைவோ இளையவர்கள் பக்கம் சாய்ந்தது. இரண்டு கோடுகளும் எதிரெதிர்த் திசையில் போனால், எங்கோ ஓரிடத்தில் வெட்டிக்கொண்டுதானே ஆகவேண்டும்?

ஒரு வரைபடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால்

அந்த வெட்டுப்புள்ளியைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் வின்டன் மையம் வரைந்து காட்டியது. புள்ளியியலாளர் டேவிட் ஸ்பீகல்ஹால்டர் தலைமை வகித்த மையம். ஏப்ரல் 7 பத்திரிகையாளர் சந்திப்பில் அரசே அந்த வரைபடத்தைத் திரையில் போட்டது. இடப்பக்கம், ஊசியால் 16 வாரங்களில் தவிர்க்கப்படும் ஐசியூ சேர்க்கை. வலப்பக்கம், ஊசியால் வரும் கடுமையான பாதிப்பு. ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று வயதுவாரியாக.

தொற்று குறைவாகப் பரவும் காலம் என்று வைத்துக்கொண்டால், 60 வயதுக்காரர்களில் தவிர்க்கப்படும் ஐசியூ சேர்க்கை 14.1, ஊசியின் பாதிப்பு 0.2. யோசிக்கவே வேண்டாம். ஆனால் 20 வயதுக்காரர்களின் வரிசைக்கு வந்தால் 0.8-க்கு எதிரே 1.1. ஊசியின் பாதிப்புப் பக்கம் எடை கூடிவிட்டது. இனி அதே 20 வயதுக்காரர்களை, தொற்று உச்சத்தில் இருக்கும் காலத்துக்கு நகர்த்திப் பாருங்கள். தவிர்க்கப்படும் ஐசியூ சேர்க்கை 6.9 ஆகிறது. ஊசியின் பாதிப்பு? அதே 1.1-தான்.

ஊசியின் எண் அசையவே இல்லை, எதிர்த்தட்டு மட்டும் ஏறி இறங்குகிறது என்பதை அந்த ஒற்றைப் படம் காட்டிவிட்டது. ஒரு அரசு தன் மக்களைப் பெரியவர்களாக மதித்து இப்படி ஒரு கணக்கைக் காட்டியதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. நம் ஊரில் காட்டியிருந்தால் குழப்பம்தான் வந்திருக்கும் என்று சிலர் சொல்வார்கள். வட்டிக்கணக்கையும் சீட்டுக்கணக்கையும் மனக்கணக்காகப் போடும் ஊர் இது. எனக்கு அந்த வாதம் ஏறவில்லை.

நம் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். இது தோராயம்தான், ஆனால் எந்த எண் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

தொற்று வந்தவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை வயதுவாரியாகக் கணித்த 2020-ஆம் ஆண்டின் முக்கியமான ஆய்வு ஒன்று, பெரும்பாலும் பணக்கார நாடுகளின் தரவை வைத்து, 55 வயதில் நூற்றுக்கு 0.4 என்றது, 25 வயதில் 0.01. முதலில் 55 வயதுக்காரர்கள் 10 லட்சம் பேரை எடுத்துக்கொள்வோம். வரும் சில மாதங்களில் அவர்களில் பத்தில் ஒருவருக்கு மட்டும் தொற்று வருகிறது என்று வைத்தால் 400 மரணம். ஊசி அதில் பாதியைத்தான் தடுக்கும் என்று கஞ்சத்தனமாகக் கணக்கிட்டாலும் 200 உயிர் மிச்சம். ஊசியின் பக்கம் என்ன? மத்திய சுகாதார அமைச்சகம் 2021 மே 17-ல் வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவில் இந்த வகை உறைவு 10 லட்சம் டோசுக்கு 0.61. நம் கண்காணிப்பு அவ்வளவு கச்சிதமானது என்று நான் நம்பவில்லை. தாலுகா ஆஸ்பத்திரியில் தலைவலி என்று வருபவருக்கு மூளைச் சிரைகளை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது எங்கே நடக்கிறது? ஆகவே பத்து மடங்கு விட்டுப்போனது என்றே வைப்போம்: 6 பேர். நாலில் ஒருவர் இறந்தால் ஒன்றரை உயிர். 200-க்கு எதிரே 1.5.

இப்போது 25 வயது. 10 லட்சம் பேரில் பத்தில் ஒருவருக்குத் தொற்று என்றால் 10 மரணம். ஊசி காப்பாற்றுவது 5. ஊசியின் பக்கம் பிரிட்டன் இளைஞர்களின் எண்ணையே வைத்தால், 11 பேருக்கு உறைவு, சுமார் 3 மரணம். ஐந்துக்கு மூன்று. இழுபறி. நூற்றில் ஒருவருக்குத்தான் தொற்று வரும் என்ற ஊராக இருந்தால் காப்பாற்றுவது அரை உயிர், இழப்பது 3. அங்கே இளைஞனுக்கு இந்த ஊசியைப் போடக் கூடாது. நூற்றில் 40 பேருக்குத் தொற்று வரும் ஊராக இருந்தால் 20-க்கு 3. போட்டே ஆகவேண்டும்.

இந்தியா எந்த ஊராக இருந்தது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்திய ரத்தப் பரிசோதனை ஆய்வுகளில், 2021 ஜனவரி வாக்கில் வயதுவந்தவர்களில் நூற்றுக்கு 21 பேருக்குத்தான் தொற்று வந்துபோன அடையாளம் இருந்தது. ஜூன், ஜூலையில் அடுத்த ஆய்வு முடிந்தபோது, ஊசியே போடாதவர்களில் 62 பேருக்கு. இடையிலிருந்த ஆறு மாதத்தில் நூற்றில் ஏறக்குறைய 40 பேர். மே முதல் வாரத்தில் ஒரே நாளில் 4 லட்சத்து 14 ஆயிரம் பேருக்குத் தொற்று உறுதியானது. தமிழ்நாட்டில் மே 21-ல் 36,184. பரிசோதனைக்கே வராதவர்கள் அதற்குப் பல மடங்கு. ஆம்புலன்சிலேயே ஆக்சிஜனுக்குக் காத்திருந்த ஊரில், பணக்கார நாட்டு மரண விகிதம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மே 1 முதல் 18 வயதைக் கடந்த எல்லோருக்கும் ஊசி என்று அறிவித்தது, கையில் சரக்கு இல்லாமல் அறிவித்த அவசரம் தவிர, கணக்காகச் சரி.

டென்மார்க் ஏப்ரல் 14-ல் இதே ஊசியை அடியோடு நிறுத்தியதும் கணக்காகச் சரிதான். அங்கே முதியவர்களுக்குப் பெரும்பாலும் போட்டாகிவிட்டது, பரவல் கட்டுக்குள் இருந்தது, ஃபைசரும் மாடர்னாவும் கையில் இருந்தன. 'டென்மார்க்கே நிறுத்திவிட்டது, நாம் ஏன் போடுகிறோம்' என்று அன்று எழுதியவர்கள், மறுதட்டைப் பார்க்காமல் ஒரு தட்டை மட்டும் இறக்குமதி செய்தார்கள்.

சிட்னியில் மாறிய மனது

இதை ஒரே நாட்டுக்குள் பார்க்க வேண்டுமானால் ஆஸ்திரேலியாவுக்குப் போகவேண்டும். எல்லையை மூடி வைத்து, 2021 முதல் பாதியில் உள்ளூர்ப் பரவல் ஏறக்குறைய இல்லாமலே இருந்தார்கள். அந்த நிலையில் அவர்களுடைய நிபுணர் குழு ஏப்ரலில் 50 வயதுக்குக் கீழ் ஆஸ்ட்ராஜெனகா வேண்டாம் என்றது. ஜூன் 17-ல் அந்த வரம்பை 60 ஆக்கியது. குயின்ஸ்லாந்தின் தலைமைச் சுகாதார அதிகாரி, கோவிட் வந்தாலும் பெரும்பாலும் சாகாத 18 வயதுப் பிள்ளை ரத்த உறைவால் சாவதை நான் விரும்பவில்லை என்று வெளிப்படையாகவே பேசினார். அவர் மேல் நிறையப் பேர் பாய்ந்தார்கள். தொற்று மிகக் குறைவாக இருந்த மாநிலத்தில் அந்த நாளில் அவர் பேச்சில் தவறு கண்டுபிடிப்பது கடினம்.

ஆனால் ஜூன் நடுவிலேயே சிட்னியின் பாண்டாய் பகுதியில் டெல்டா என்ற வேகமாகப் பரவும் உருமாற்றம் நுழைந்துவிட்டிருந்தது. ஜூலை 24-ல் அதே நிபுணர் குழு பெருநகர் சிட்னியில் 18 வயதைக் கடந்த எல்லோரும், கிடைக்கும் எந்த ஊசியையும், ஆஸ்ட்ராஜெனகா உட்பட, போட்டுக்கொள்ளத் தீவிரமாக யோசிக்கவேண்டும் என்றது. ஐந்து வாரத்தில் தலைகீழ். அறிவியலாளர்களுக்கே ஒரு நிலைப்பாடு இல்லை என்று கேலி நடந்தது. குப்பியில் இருந்த மருந்து அதேதான். தெருவில் இருந்த வைரஸின் அளவு மாறியிருந்தது.

சிட்னிக்காரர்களுக்கு வேறொரு பாடமும் இருந்தது. தொற்று இல்லாத காலத்தில் 'பொறுத்திருந்து வேறு ஊசி வரட்டும்' என்று காத்திருந்தவர்கள், டெல்டா வந்தபோது ஒரு டோஸ்கூடப் போடாமல் நின்றார்கள். ஊசி போட்டுப் பாதுகாப்பு வருவதற்குச் சில வாரம் ஆகும்; அலை அதுவரை காத்திருக்காது. ஆகவே இன்றைய பரவலை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதும் பிசகு. வரப்போகும் அலையை ஊகித்துத்தான் போடவேண்டும். அங்கேதான் கணக்கு முடிந்து யூகம் தொடங்குகிறது.

யூகம் பிசகிய கதையும் உண்டு. 1976 தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் பன்றிக்காய்ச்சல் வைரஸ் ஒன்று தலைகாட்டியது. ஒரு வீரர் இறந்தார். 1918-ன் பெருந்தொற்று திரும்பிவிட்டது என்று பயந்து, அதிபர் ஃபோர்டு நாடு முழுவதற்கும் ஊசி என்று அறிவித்தார். 4 கோடிப் பேருக்கு மேல் போட்டார்கள். வைரஸ் முகாமைத் தாண்டவே இல்லை. ஊசி போட்டவர்களில் லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் கியான்–பாரே என்னும் நரம்புவாதம் கூடுதலாக வந்தது. டிசம்பரில் திட்டத்தை நிறுத்தினார்கள். லட்சத்துக்கு ஒன்று, கோவிஷீல்டின் இளைஞர் எண்ணுக்கு ஏறக்குறைய சமம். மறுதட்டு காலியாக இருந்ததால் அது வரலாற்றுத் தோல்வியாகிவிட்டது.

ஊசிக்குப் பின் நடந்ததெல்லாம் ஊசியாலா?

தமிழ்நாட்டில் ஊசித் தயக்கத்துக்கு ரத்த உறைவைவிடப் பெரிய காரணம் ஒரு மரணம். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக், ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு வந்து, கேமராக்களுக்கு முன்னால் கோவாக்சின் போட்டுக்கொண்டார். தனியாரில் போட்டுக்கொள்ள வசதி இருந்தும், அரசு ஆஸ்பத்திரியில் போட்டால் மக்களுக்கு நம்பிக்கை வரும் என்பதற்காக. மறுநாள் காலை மாரடைப்பு. 17-ஆம் தேதி அதிகாலை இறந்துபோனார். 59 வயது. மாநிலம் முழுக்க அழுதது; அழுதுகொண்டே ஊசி மையத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்தது.

இதயத்தின் முக்கியமான ரத்தக்குழாயில் முழு அடைப்பு என்று மருத்துவமனை அன்றே சொன்னது. இப்படிப்பட்ட அடைப்புக்கு அடியிலிருக்கும் கொழுப்புப் படிவம் ஒரே ராத்திரியில் சேர்வதில்லை, வருடக்கணக்கில் சேர்வது. கோவாக்சின் செயலிழக்கச் செய்த முழு வைரஸால் ஆனது. மேலே சொன்ன அடினோ வைரஸ் சமாச்சாரமே அதில் கிடையாது. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு, அக்டோபரில், ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை, தற்செயல் என்று முடிவு சொன்னது. ஆறு மாதம்! அதற்குள் இரண்டாம் அலையே வந்து போய்விட்டது. வேண்டிய நேரத்தில் வராத உண்மையால் யாருக்குப் பயன்?

'தற்செயல்' என்று சொன்னால் நம் ஆட்களுக்குக் கோபம் வரும். சமாளிக்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் தற்செயலுக்கும் கணக்கு இருக்கிறது. அந்த ஏப்ரலில் நாடு முழுக்க 45 வயதைக் கடந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 லட்சம் ஊசிக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வயதினரில் ஆண்டுக்கு நூற்றுக்கு 2 பேர் ஏதோ ஒரு காரணத்தால் இறக்கிறார்கள் என்று வைத்தால், ஊசிக்குப் பதில் வெறும் தண்ணீரை ஏற்றியிருந்தாலும், போட்டுக்கொண்ட 30 லட்சம் பேரில் 160 பேர் அடுத்த ஒரு நாளுக்குள் இறந்திருப்பார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் மையத்துக்கு வரமாட்டார்கள், ஆகவே அதில் பாதி என்றே குறையுங்கள். ஒவ்வொரு நாளும் 80 குடும்பங்கள், "நேத்துதான் ஊசி போட்டார்" என்று சொல்லும். அவர்கள் பொய் சொல்லவில்லை.

இதனாலேயே 'ஊசிக்குப் பின் எத்தனை பேர் இறந்தார்கள்' என்பது பயனில்லாத எண். ஊசி இல்லாவிட்டால் இறந்திருப்பவர்களைவிடக் கூடுதலாக எத்தனை பேர் என்பதுதான் எண். ஆஸ்ட்ராஜெனகா உறைவு பிடிபட்டது அந்த வழியில்தான்: இளம் வயது, மூளைச் சிரை, தட்டணு சரிவு மூன்றும் சேர்ந்து வருவது வழக்கமாக நடப்பதைவிட மிக அதிகமாக இருந்தது. அதே வலையை வீசியும் மாரடைப்பில் அப்படி எதுவும் சிக்கவில்லை. ஜிம்மில் சுருண்டு விழுந்த இளைஞர்கள், மேடையில் ஆடும்போது சாய்ந்தவர்கள் என்று வீடியோக்கள் பரவியபோது, சென்னையில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் முன்னின்று 47 மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடத்தியது. 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்த 729 பேர், ஒப்பிட 2,916 பேர். ஊசி போட்டவர்களுக்குத் திடீர் மரண ஆபத்து கூடவில்லை. இரண்டு டோஸ் போட்டவர்களுக்குக் குறைந்திருந்தது. கூடியிருந்தது யாருக்கு? கோவிட்டுக்காக ஆஸ்பத்திரியில் படுத்தவர்களுக்கு, குடும்பத்தில் திடீர் மரணம் இருந்தவர்களுக்கு, இறப்பதற்கு இரண்டு நாள் முன்புக்குள் அளவுக்கு மீறிக் குடித்தவர்களுக்கு, கடும் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு.

ரத்த உறைவிலும் வைரஸ்தான் பெரிய வில்லன். இங்கிலாந்தில் 2 கோடியே 90 லட்சம் பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு கோடிப் பேருக்கு ஆஸ்ட்ராஜெனகாவின் முதல் டோசுக்குப் பின் கூடுதலாக வந்த சிரை ரத்த உறைவு 66. தொற்றுக்குப் பின் 12,614. இந்த ஒப்பீட்டைக் காட்டி வாதத்தை முடித்துக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஊசியை எல்லோரும் போட்டுக்கொள்கிறோம், தொற்று எல்லோருக்கும் வருவதில்லை. இரண்டாவது எண்ணைத் தொற்று வரும் வாய்ப்பால் பெருக்கிய பிறகே ஒப்பிடவேண்டும். 2021 இந்தியாவில் பெருக்கினாலும் வெகுதூரம் மீதி இருக்கும்.

காலம் போகப் போக அந்தப் பெருக்கல் வேறு விடை கொடுக்கத் தொடங்கியது. 2021 செப்டம்பரில் பிரிட்டனின் நிபுணர் குழு, ஆரோக்கியமான 12–15 வயதுப் பிள்ளைகளுக்கு எம்ஆர்என்ஏ வகை (ஃபைசர், மாடர்னா) ஊசியால் லாபம் இருக்கிறது, ஆனால் இதயத்தசை அழற்சி என்ற அரிய ஆபத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் போடச் சொல்லும் அளவுக்கு இல்லை என்றது. பள்ளிப் படிப்பு கெடுவதையும் சேர்த்து எடைபோட்டுத் தலைமை மருத்துவ அதிகாரிகள் பிறகு ஒரு டோஸ் போடச் சொன்னார்கள். 2023 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் குழு, முதியவர் அல்லாத, ஆரோக்கியமான வயதுவந்தவர்களுக்கு முதல் பூஸ்டருக்கு மேல் வழக்கமாகப் போட வேண்டியதில்லை என்றது. அதற்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் தொற்றோ ஊசியோ இரண்டுமோ ஆகியிருந்தது. இதைக் கேட்டு 'அப்படியானால் அன்றைக்கு ஏன் போடச் சொன்னீர்கள்' என்பவர், 2021 மே மாதத்தை மறந்துவிட்டார்.

தலாம்பேர் கேட்டது

இவ்வளவு கணக்குக்குப் பிறகும் மனது ஒப்பாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது அறியாமை இல்லை. 1760-ல் பாரிஸ் அகாதமியில் கணிதமேதை டேனியல் பெர்னூலி, பெரியம்மைக்கு இதே கணக்கைப் போட்டார். அன்று அம்மை குத்துவது என்றால் அம்மைச் சீழையே கீறி ஏற்றுவது. குத்திக்கொண்டவர்களில் 200-க்கு ஒருவர் அதனாலேயே சாவார். அப்படி இருந்தும், எல்லோருக்கும் குத்தினால் சராசரி ஆயுள் மூன்று வருடம் போலக் கூடும் என்று நிறுவினார். அதே வருடம் இன்னொரு கணிதமேதையான தலாம்பேர் எழுந்து மறுத்தார். கூட்டலில் பிழை இல்லை. ஆனால் இந்த மாதமே சாகும் 200-ல் ஒரு வாய்ப்பையும், வயதான காலத்தில் கிடைக்கப்போகும் மூன்று வருடத்தையும் ஒரே தராசில் வைக்க யார் சொன்னது? அரசுக்குச் சராசரி போதும். தன் குழந்தையின் கையை நீட்டும் தாய்க்குச் சராசரி என்று ஒன்று கிடையாது.

தலாம்பேரும் அம்மை குத்துவதை எதிர்க்கவில்லை. கணக்கை எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் அவருக்குச் சண்டை. 1990-ல் ரிட்டோவ், பாரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதையே சோதித்துப் பார்த்தார்கள். காய்ச்சலால் 10,000 குழந்தைகளில் 10 பேர் சாவார்கள். ஊசியால் எத்தனை பேர் வரை செத்தால் உங்கள் குழந்தைக்குப் போடுவீர்கள் என்று கேட்டார்கள். 9 வரை சரி என்பதுதான் கணக்கு. பலர் 5-கூட அதிகம் என்றார்கள். ஒன்றுகூடக் கூடாது என்றவர்களும் உண்டு. நான் செய்ததால் வந்த சாவு வேறு, விட்டதால் வந்த சாவு வேறு. ஊசியால் போனவருக்கு ஒரு பெயரும் புகைப்படமும் இருக்கின்றன. ஊசியால் பிழைத்தவர் யாரென்று அவருக்கே தெரியாது.

சராசரியில் லாபம் என்று அரசு முடிவெடுத்தால், அந்தச் சராசரிக்காக இழந்தவரைத் தாங்கும் கடமையும் அதே அரசுக்கு உண்டு. 1976-ல் அமெரிக்க அரசு, பன்றிக்காய்ச்சல் ஊசி வழக்குகளைத் தன் தலைமேல் ஏற்றுக்கொள்ளச் சட்டமே போட்டது. பிரிட்டனில் 1979 முதல், ஊசியால் கடுமையாக ஊனமுற்றவருக்கோ இறந்தவர் குடும்பத்துக்கோ ஒரு தொகை கொடுக்கும் திட்டம் இருக்கிறது. இன்று 1,20,000 பவுண்டு. 60 சதவீத ஊனம் இருந்தால்தான் என்ற கெடுபிடி நியாயமில்லை என்று அங்கே சண்டை நடக்கிறது. சண்டை போடவாவது ஒரு திட்டம் இருக்கிறது.

இங்கே, கோவிஷீல்டுக்குப் பின் மகள்களை இழந்ததாகச் சொல்லி வழக்குப் போட்ட பெற்றோருக்கு, மத்திய அரசு 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த பதில்: தடுப்பூசி கட்டாயமில்லை, விருப்பப்பட்டுப் போட்டுக்கொண்டது, இழப்பீடு வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். ரயிலுக்கும் கடைக்கும் சான்றிதழ் கேட்ட காலத்தை வாழ்ந்து கடந்தவர்களுக்கு 'விருப்பப்பட்டு' என்ற சொல் எப்படிக் கேட்டிருக்கும்?

பணம்தான் தடையா என்றும் பார்த்துவிடலாம். இந்தியாவில் போடப்பட்ட கோவிஷீல்டு 170 கோடி டோசுக்கு மேல். அரசின் 0.61-ஐ அப்படியே வைத்தால், ரத்த உறைவு வந்தவர்கள் ஆயிரம் பேர் சுமார். ஆளுக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தாலும் 1,000 கோடி. 2021–22 பட்ஜெட்டில் தடுப்பூசிக்கென்று ஒதுக்கியது 35,000 கோடி.